காலியா என்று கேட்டவர்

மாலை நான்கு மணி இருபது நிமிடம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, சந்தனத்தைத் துடைத்து, அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். கணவர் கணக்குப் போடுகிற ஸ்லைடு ரூல், மகளின் பாடப்புத்தகங்கள், என் தையல் கத்தரி. கடைசியாக மேகஸின் கைக்கு வந்தது. கைத்துப்பாக்கியின் பிடிக்குள் செருகுவார்களே, தோட்டா அடுக்கிய சிறிய தகரக் கூடு, அதுதான். முந்தின நாள் மாலை என் கண்ணெதிரே என் கணவர் அதில் ஐந்து தோட்டாக்களை அழுத்தி வைத்தார். இப்போது நான்கு இருந்தன.

பாயைத் தூக்கிப் பார்த்தேன். கும்பத்தைச் சுற்றிப் பூக்களைக் கிளறினேன். ஐந்தாவது இல்லை. துப்பாக்கியும் வீட்டில் இல்லை. நான்கு மணிக்கு அதைப் பெட்டியில் வைத்துக் காரின் பின்சீட்டில், எங்கள் ஒன்பது வயது மகள் சுமதிக்குப் பக்கத்தில் வைத்து, துப்பாக்கி சுடும் சங்கத்துக்குக் கிளம்பிவிட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று, "காலியாத்தான்மா இருக்கு, செக் பண்ணிட்டேன்" என்றார்.

அந்த மாலையை எழுதவேண்டும் என்று பல வருடங்களாக நினைக்கிறேன். எழுத உட்கார்ந்தால் என் பேனா வேறொருவரிடம் போய் நிற்கிறது. கீழ் வீட்டுப் பல் டாக்டர். எழுபதுகளின் நடுவில், மேற்கு ஜெர்மனியில் பான் நகரின் ஓரத்தில், ஒரே கட்டடத்தில் அவர் தரைத்தளத்திலும் நாங்கள் இரண்டாம் மாடியிலும் இருந்தோம். என் வயதுதான் இருக்கும், நாற்பதுக்கு அருகில். என்னைவிட ஒரு தலை உயரம். முடியை ஆண்பிள்ளைபோல் ஒட்ட வெட்டியிருப்பார். தனியாக வாழ்ந்தார். அவருடைய கிளினிக்கிலிருந்து கிராம்பு எண்ணெய் வாசனை படிக்கட்டு வழியாக ஏறி எங்கள் வீட்டுக் கதவுவரை வந்து நிற்கும். அவரைப் பார்ப்பதற்கு முன்பே அந்த வாசனையைத் தெரிந்துகொண்டேன்.

முதல் சந்திப்பு பால் பாட்டில்களால் வந்தது. காலிப் பாட்டில்களைக் கூடையில் வைத்துக் கீழே கொண்டுபோனேன். எதிரே வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "லேர்?" என்றார். காலியா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். அவர் ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கூடையில் திருப்பி வைத்தார். பிறகு கையை நீட்டித் தன் பெயரைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. மாடிக்கு வந்து, "நம்மளப் பாத்தா திருட்டுப் பசங்க மாதிரியா இருக்கு? பால் பாட்டிலக் கவுத்துப் பாக்கறா" என்று கணவரிடம் பொருமினேன். அவர் சிரித்தார். "எல்லார்கிட்டயும் அப்படித்தானாம். லேப்ல சொன்னாங்க. கறுப்பு, வெள்ளை பேதமே கிடையாதாம்."

அது உண்மைதான். யாருடைய 'காலி'யையும் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. கடிதம் போட வந்த தபால்காரர், "உங்களுக்கு ஒன்றும் இல்லை, டாக்டர்" என்றால், அவருடைய பைக்குள் எட்டிப் பார்ப்பார். மேல்மாடி அறையைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு மாணவன் வீட்டுக்காரருக்கான சாவியை இவரிடம் கொடுத்தபோது, அவனை நிற்க வைத்துவிட்டு ஒவ்வொரு அலமாரியையும் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவினார். கண் மட்டும் போதாது அவருக்கு. சுண்டுவிரலால் தொட்டால்தான் நம்பிக்கை. அந்த விரல் எப்போதும் சில்லென்றிருக்கும்.

எங்கள் பழக்கத்துக்கு நேர் எதிர்ப் பழக்கம் இது. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்லமாட்டோம், 'நிறைஞ்சிருக்கு, வாங்கணும்' என்போம். பர்ஸில் ஒரு நாணயமாவது கிடக்கும். யாராவது பாத்திரத்தில் ஏதாவது கொடுத்தனுப்பினால் அதை வெறுமனே திருப்பித் தரமாட்டோம், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். ஒரு தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பினேன். மறுநாள் டப்பா பளபளவென்று கழுவித் துடைத்து, மொட்டையாக வாசலில் இருந்தது. மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு அவர் கேக் கொடுத்த தகர டப்பாவில் நான் ரவா லட்டு வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து அப்படியே நின்றுவிட்டார்.

"இது ஏன் காலியாக இல்லை?" என்றார்.

"எங்கள் வழக்கம், டாக்டர். காலியாகத் தரமாட்டோம்."

"காலி என்று நினைத்து நான் மூடியைத் திறக்காமல் பரணில் வைத்திருந்தால்?"

லட்டுக்காக இவ்வளவா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

ஆனால் சுமதிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவருக்கு 'காலி ஆன்ட்டி' என்று பெயர் வைத்ததும் அவள்தான். தமிழில் வைத்ததால் பிழைத்தோம். பல் காட்டப் போகும்போது, "வலி இல்லை" என்று சுமதி சொன்னால் டாக்டர், "வாய் சொல்வதை நான் கேட்பதில்லை. வாய்க்குள் பார்க்கிறேன்" என்பார். சுமதி வீட்டில் அதையே எல்லாவற்றுக்கும் சொல்ல ஆரம்பித்தாள். உப்பு போட்டாச்சு என்று நான் சொன்னால், "வாய் சொல்றத நான் கேக்கறதில்ல" என்று கரண்டியை நீட்டுவாள்.

கிளினிக்கின் சாய்வு நாற்காலியில் படுத்தால் எதிரே கண்ணாடி அலமாரியும் அதன்மேல் ஒரு புகைப்படமும் தெரியும். அரைக்கால்சட்டை போட்ட பையன், பன்னிரண்டு வயது இருக்கலாம், ஒரு மரவேலியில் சாய்ந்து சிரிக்கிறான். முன்பல் இரண்டுக்கும் இடையில் சந்து. ஒருநாள் என் கடைவாய்ப்பல்லைக் குடைய அவர் தயாராகிக்கொண்டிருக்கும்போது, யார் என்று கேட்டேன்.

"என் அண்ணன்."

"போரில் போய்விட்டாரா?"

"இல்லை. போர் முடிந்து."

அடுத்த கேள்வி என் வாயில் இருந்தது. "வாயைத் திறங்கள்" என்றார். அதற்குப் பிறகு பேச முடியாதபடி பஞ்சு வைத்தார்.  அன்று இயந்திரத்தை ஓடவிடுவதற்கு முன் வெகுநேரம் அசையாமல் நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் பல்லை அல்ல என்று எனக்குத் தோன்றியது.

இந்த டாக்டர்தான் காட்டோரத்துச் சுடும் சங்கத்தில் மேற்பார்வையாளர். என் கணவரின் ஆய்வுக்கூடத்துச் சகாக்கள் நிறையப் பேர் அந்தச் சங்கத்தில் இருந்தார்கள். சனிக்கிழமை பிற்பகலில் அட்டையைப் பார்த்துச் சுடுவது, பிறகு பீர், பிறகு உரத்த சிரிப்பு. என் கணவருக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் பல வருடம் ஆகியும் மதியச் சாப்பாட்டு மேசையில் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். அந்தச் சங்கத்துக்கு அழைத்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பத்து வயது குறைந்துபோயிற்று.

எனக்குப் பிடிக்கவில்லை. தபால் நிலையத்துச் சுவரில் போலீஸ் தேடுகிற தீவிரவாதிகளின் முகங்கள் வரிசையாக ஒட்டியிருந்த காலம் அது. சாலையில் இயந்திரத் துப்பாக்கியோடு நிறுத்தி, காரின் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். கறுத்த முடியும் கறுத்த முகமுமாக இருக்கிற நாம் எதற்கு ஒரு துப்பாக்கி வாங்கி வீட்டில் வைக்கவேண்டும்? அதுவும் குழந்தை இருக்கிற வீட்டில்?

"லைசென்ஸ் குடுத்துட்டாங்க. இரும்பு அலமாரி வாங்கியாச்சு. சும்மா பேப்பர் அட்டையச் சுடறதுக்குத்தான்மா" என்றார்.

"பேப்பர் அட்டையச் சுடறதுக்கு அங்கயே வாடகைக்குக் குடுக்கறாங்களே?"

"அது அடுத்தவன் செருப்பப் போட்டுக்கற மாதிரி."

அதற்கு மேல் என்ன பேசுவது? டாக்டரும் கூட வருகிறார் என்றதும் கொஞ்சம் தைரியம் வந்து நானும் சுமதியும் துப்பாக்கிக் கடைக்குப் போனோம்.

கடை வாசலிலேயே டாக்டர் சுமதியை நிறுத்தினார். "இவளுக்கு எத்தனை வயது?"

"ஒன்பது."

அவர் தன் கோட்டின் பொத்தானைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "உள்ளே வரக்கூடாது" என்றார். கடைக்காரரின் மனைவி சுமதியைப் பின்னறைக்கு அழைத்துப்போய் ஒரு பூனையைக் காட்டினார்.

என் கணவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெரிய கறுப்புத் துப்பாக்கியிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டார். போலீஸ்காரர்கள் இடுப்பில் வைக்கிற ரகம். "டாக்டர், இது எப்படி?"

"யாரைச் சுடப்போகிறீர்கள்?"

"யாரையும் இல்லை."

"அப்படியானால் இது வேண்டாம்."

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். டாக்டர் சிறிய ரகத்தைக் காட்டச் சொன்னார். பாயிண்ட் டூ டூ தோட்டா போடுகிற, குறி பார்த்துச் சுடுவதற்கென்றே செய்த துப்பாக்கிகள். ஒரு தடவை சுட்டால் வெடிப்பின் உதை மேல்பாகத்தைப் பின்னுக்குத் தள்ளும், வெற்றுக் குப்பி வெளியே தெறிக்கும், மேல்பாகம் முன்னுக்குத் திரும்பும்போது அடுத்த தோட்டாவை மேகஸினிலிருந்து தானே எடுத்துக் குழாயின் அடியில் வைத்துக்கொள்ளும். "சுடுகிறவர் செய்ய வேண்டியதை இது தானே செய்துவிடும். இதன் வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான்" என்றார் டாக்டர்.

கடைக்காரர் ஒன்றை எடுத்து, "காலிதான், நிச்சயமாக" என்று நீட்டினார். டாக்டர் அதை வாங்கி, மேகஸினை முதலில் உருவினார். பிறகு மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தார். உள்ளே பார்த்தார். சுண்டுவிரலை விட்டுத் தொட்டார். அதன் பிறகுதான் என் கணவரிடம் கொடுத்தார். என் கணவர் ஐந்தாறு துப்பாக்கிகளை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அதே நான்கு காரியம், அதே வரிசை. கீழே வைத்து மறுபடி எடுத்தாலும் அதே. நடுவில் யாரும் தொடவில்லையே என்று என் கணவர் கேட்டார்.

"நான் கண்ணை இமைத்தேன்" என்றார் டாக்டர்.

எதை வாங்குவது என்பதை அவர் முடிவு செய்த விதம் விநோதமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிச் சுவரில் இருந்த ஒரு புள்ளியைக் குறி வைக்கச் சொல்வார். பிறகு கண்ணைத் திறக்கச் சொல்வார். துப்பாக்கி தானாகவே புள்ளிக்கு அருகில் நின்றால் அது இந்தக் கைக்கு உரியது. கோணிக்கொண்டு நின்றால் வேண்டாம். விலையைக் கேட்கவே இல்லை. கடைசியில் ஒன்று அமைந்தது, ஆனால் மரப்பிடி என் கணவரின் சிறிய கைக்குப் பெரிதாக இருந்தது. "அதை என்னிடம் விடுங்கள்" என்றார். அடுத்த வாரம் கிளினிக்கில், பல் அச்சு எடுக்கிற மாவில் என் கணவரின் பிடியை அச்செடுத்து, பல் குடைகிற இயந்திரத்தாலேயே அந்த வால்நட் மரப்பிடியைச் செதுக்கிக் கொடுத்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். என் பல்லில் கேட்ட அதே சத்தம். மரத்தூள் பறந்தது. அலமாரி மேல் புகைப்படத்தில் அந்தப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

தோட்டா தேர்ந்தெடுப்பது அதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. மூன்று விதமான பெட்டிகள் வாங்கவைத்தார். சங்கத்தின் சுடுமிடத்தில் மணல் மூட்டையின் மேல் கையை ஊன்றி ஒவ்வொன்றிலும் சில தோட்டாக்களை ஒரே அட்டையில் சுடவைத்து, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்த்தார். வேகமான ரகம் வேண்டாம் என்றார். அது இந்தத் துப்பாக்கியின் சின்ன உடம்பை அடித்து அடித்துத் தளர்த்திவிடுமாம். இன்னொரு ரகம் பாதியில் சிக்கிக்கொண்டது. மெழுகு பூசிய, வேகம் குறைந்த ஈயத் தோட்டா மட்டும் சிக்காமல் இறங்கியது.

"உங்கள் மகளைப்போலத்தான். பிடித்தது மட்டும்தான் தொண்டையில் இறங்கும்" என்றார். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று நான் கேட்டேன். "நீங்களும் ஒரு தடவை சுட்டுக் காட்டுங்களேன், டாக்டர்." சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் சுடுவதில்லை" என்றார். திரும்பி வரும்போது என் கணவர் சொன்னார், அவர் சுட்டு அந்தச் சங்கத்தில் யாரும் பார்த்ததே இல்லையாம். சனிக்கிழமை தவறாமல் வருவார். சுடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்பார். ஒவ்வொருவரும் முடித்ததும் கையை நீட்டுவார். காலியா? பார்ப்பார், தொடுவார், திருப்பிக் கொடுப்பார். வேறொன்றும் செய்யமாட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. சுடாத ஒருவர் எதற்காக வாராவாரம் துப்பாக்கிகளுக்கு நடுவில் போய் நிற்கிறார்?

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஆயுத பூஜை. பான் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மதுரைப் பையன் ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வரிசையாக வைத்திருந்த சாமான்களைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, ஆயுத பூஜைங்கிறோம், ஊர்ல ஸ்பேனரும் அருவாமணையும்தான் வைக்கிறோம். நெஜ ஆயுதம் உங்க வீட்லதான் இருக்கு, அத உள்ள பூட்டி வச்சிருக்கீங்க!" என்றான். என் கணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரும்பு அலமாரியைத் திறந்து துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்தார். சந்தனம் இட்டார், குங்குமம் வைத்தார். பிறகு யோசித்தார்.

"காலியா வைக்கக் கூடாதே" என்றார்.

யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. கும்பத்தில் நீர் இருந்தது. பேனாவில் மை இருந்தது. பர்ஸில் காசு இருந்தது. விளக்கில் எண்ணெய் இருந்தது. அவர் குங்குமக் கையோடு மேகஸினில் ஐந்து தோட்டா வைத்து, அதன் அடித்தகட்டிலும் ஒரு பொட்டு வைத்து, துப்பாக்கிக்குள் செருகினார். சுமதி கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "காலி ஆன்ட்டி பாத்தா என்ன சொல்லுவாங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

சனிக்கிழமை விஜயதசமி. இரவு எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த மதுரைப் பையன், கிளம்புவதற்கு முன், "சார், இது எப்படி வேலை செய்யும்?" என்று கேட்டான். நான் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். 'க்ளக்' என்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு என் கணவரின் குரல்: "இப்படி இழுக்கணும். இப்படி மேகஸினக் கழட்டணும். அவ்வளவுதான், காலி." டாக்டரிடம் கற்ற எல்லாவற்றையும் செய்தார். வரிசையை மட்டும் மாற்றிச் செய்தார். முதலில் இழுத்தார், பிறகு மேகஸினை உருவினார். விரலை உள்ளே விடவில்லை. குங்குமம் படிந்த மேகஸினை டாக்டர் பார்த்தால் திட்டுவார் என்று பூஜையிலேயே வைத்துவிட்டு, சுத்தமாக இருந்த இன்னொரு மேகஸினைப் பெட்டியில் போட்டுக்கொண்டார். சுமதி கையில் டாக்டருக்காக ஒரு டப்பா சுண்டல்.

நான்கு இருபதுக்கு எனக்கு அந்த 'க்ளக்' மறுபடி கேட்டது. ஐந்தாவது தோட்டா எங்கே இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிட்டது. மேகஸினைக் கழற்றுவதற்கு முன் மேல்பாகத்தை இழுத்து விட்டபோதே அது குழாயின் அடிக்குப் போய்விட்டது. கடையில் டாக்டர் சொன்னதும் காதில் விழுந்தது. இது தானே செய்துவிடும்.

தொலைபேசியை எடுத்தேன். சங்கத்தின் மதுக்கடையில்தான் தொலைபேசி உண்டு. பரிமாறுகிறவர் எடுத்தார். பின்னால் ஒரே கூச்சல். இந்தியர் வந்துவிட்டாரா என்று கேட்டேன். "இன்னும் இல்லை." டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றேன். "அவர் சுடுமிடத்தில் இருக்கிறார், கூப்பிட முடியாது." என் கணவரின் துப்பாக்கி காலியாக இல்லை, உள்ளே ஒன்று இருக்கிறது, வந்தவுடன் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனை எல்லாம் கொட்டினேன். "சொல்கிறேன், அம்மணி" என்று வைத்துவிட்டார்.

அங்கே போக இருபது நிமிடம் போதும். இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஏன் போகவில்லை? சாலையில் போலீஸ் நிறுத்தியிருக்குமா? பெட்டியைத் திற என்று ஒரு பயந்த இளைஞன் இயந்திரத் துப்பாக்கியை நீட்டியிருப்பானா? என் கணவர், 'காலிதான் ஐயா' என்று புன்னகையோடு எடுத்துக் காட்டியிருப்பாரா? சுமதி பின்சீட்டில் சும்மா இருக்கிறவள் அல்ல. பெட்டிக்கு ஒரு கொக்கிதான், பூட்டு இல்லை. மறுபடி தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவையும் அப்படித்தான்.

கீழே இறங்கி ஓடினேன். எங்கே ஓடுவது? எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. டாக்டரின் கிளினிக் பூட்டியிருந்தது. கிராம்பு வாசனை மட்டும் இருந்தது. தெருவில் இலைகள் ஈரமாக ஒட்டிக் கிடந்தன. எதிர்வீட்டுக்காரி ஜன்னல் திரையை விலக்கி என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவளிடம் போய்ச் சொல்லலாமா? என்ன சொல்வது? எங்கள் துப்பாக்கியைத் தோட்டாவோடு சாமிக்கு வைத்தோம் என்றா? வீட்டுக்குத் திரும்பி வந்தேன். சரஸ்வதிக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இருட்டியது. படிக்கட்டு விளக்கு சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் அதைப் போட்டேன். வீட்டுக்குள் தொலைபேசி அடிக்கவில்லை. அடித்துவிடக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டிருந்தேன். நல்ல செய்தியைத் தொலைபேசியில் யார் சொல்லப்போகிறார்கள்?

கீழே வாசற்கதவு திறந்தது. காலடிகள் இரண்டு பேருடையவை, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சுமதிதான் முதலில் தெரிந்தாள். நான் அவளைப் பிடித்த வேகத்தில் அவள் தொப்பி விழுந்தது. தலை, கழுத்து, கை, விரல்கள் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"ஏம்மா அழற? அப்பா கேக் வாங்கப் போனாங்க. நல்ல நாளாம், வெறுங்கையோட போகக் கூடாதாம். ரொம்பக் கூட்டம்மா அங்க."

"நீ எங்க இருந்த?"

"கார்லதான். துப்பாக்கியப் பாத்துக்கோன்னு சொன்னாங்க. எப்படிப் பிடிக்கிறதுன்னு சும்மா எடுத்துப் பாத்தேன். கடைக்குள்ள அப்பா க்யூல நின்னாங்களா, கண்ணாடி வழியா அப்பாவக் குறி பாத்தேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: "விரல ட்ரிக்கருக்கு வெளியதான்மா வச்சேன்! காலி ஆன்ட்டி சொல்லியிருக்காங்கல்ல. காலியா இருந்தாலும் வெளியதான் வைக்கணும்னு."

அவள் பின்னால் டாக்டர் நின்றார். வெள்ளை முகம் இன்னும் வெளுத்திருந்தது. என் கணவர் எங்கே என்று கேட்டேன். கீழே காரில் இருக்கிறார், இப்போது அவரால் படியேற முடியாது, காரைத் தானே ஓட்டி வந்ததாகச் சொன்னார். துப்பாக்கி சங்கத்தில் தன் அலமாரியில் பூட்டியிருக்கிறது, இனி அங்கேயே இருக்கும் என்றார். மதுக்கடைக்காரர் என் செய்தியைச் சொன்னாரா என்று கேட்டேன்.

"என்ன செய்தி?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. அவர் எப்போதும் செய்வதைச் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

கோட்டுக்குள்ளிருந்து என் சுண்டல் டப்பாவை எடுத்து நீட்டினார். கழுவித் துடைத்திருந்தது. வாங்கும்போது உள்ளே ஏதோ உருண்டது. அத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் கையிலிருந்து என் பாத்திரம் வெறுமனே வரவில்லை.

"திறந்து பாருங்கள். நான் சொல்வதைக் கேட்டு நம்பாதீர்கள், பாருங்கள்."

மூடியைத் திறந்தேன். மெழுகு பூசிய சின்ன ஈயத் தோட்டா. அதன் பித்தளையில் குங்குமம் இருந்தது.

சுமதி உள்ளே ஓடிவிட்டாள். படிக்கட்டு விளக்கு அணைந்தது. இருவரில் யாரும் அதைப் போடப் போகவில்லை. இருட்டில் அவர் பேசினார். கிளினிக்கில், 'வாயைத் திறங்கள்' என்று சொல்கிற அதே குரல்.

"உங்கள் மகள்தான் அதை எடுத்து என் கையில் கொடுத்தாள். காலி என்றாள். அவளைத் திட்டாதீர்கள், அவள் பொய் சொல்லவில்லை. போர் முடிந்த அந்த வருடம் எனக்கும் ஒன்பது வயது. நானும் காலி என்று சொல்லித்தான் என் அண்ணன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தேன்."